நியமித்தவரே நீக்கலாமா? அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவிநீக்க அதிகாரமும் சுதந்திர ஆணையங்களின் நிலையும்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, அரசின் உயர் அலுவலர்கள் நியமிக்கப்பட வேண்டிய முறையை ஐயத்துக்கு இடமின்றி வகுத்துள்ளது. குடியரசுத் தலைவர் ஒருவரை முன்மொழிவார். நாடாளுமன்றமான காங்கிரஸின் மேலவை, அதாவது செனட், இசைவளிக்கும். அதன்பின் நியமனம் நிறைவுறும். அவ்வாறு அமர்த்தப்பட்டவரை யார், என்ன காரணத்துக்காகப் பதவியிலிருந்து இறக்கலாம் என்ற கேள்விக்கோ அச்சட்டம் ஒரே ஒரு வழியை மட்டுமே சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. தேசத்துரோகம், லஞ்சம் போன்ற பெருங்குற்றங்களுக்காகக் கீழவை குற்றஞ்சாட்ட, செனட் விசாரித்து மூன்றில் இரு பங்கு வாக்குகளால் பதவியைப் பறிக்கும் 'இம்பீச்மென்ட்' என்னும் நடைமுறையே அந்த வழி. திறமையற்ற அலுவலரையும், தலைவரின் கொள்கையோடு ஒத்துப்போகாத அலுவலரையும் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. 1787-இல் விடப்பட்ட இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியே இன்றுவரை நீளும் ஒரு பெரிய வழக்குத் தொடராக வளர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டில் அது அமெரிக்க ஆட்சி அமைப்பின் அடித்தளத்தைத் தொடும் நிலையை எட்டியது.

வழக்கின் இரு தரப்பினரும் முதலில் எடுத்துவைக்கும் சான்று 1789-ஆம் ஆண்டின் விவாதம். முதல் காங்கிரஸ் வெளியுறவுத் துறையை உருவாக்கும் சட்டத்தை எடுத்துக்கொண்டபோது, அத்துறையின் செயலரை நீக்கும் உரிமை குறித்து நான்கு கருத்துகள் எழுந்தன: இம்பீச்மென்ட் ஒன்றே வழி என்றனர் சிலர், நியமனத்துக்கு இசைவளித்த செனட்டின் ஒப்புதல் நீக்கத்துக்கும் வேண்டும் என்றனர் வேறு சிலர், பதவியை உருவாக்கும் காங்கிரஸே அதன் நிபந்தனைகளையும் வகுக்கலாம் என்றது மூன்றாம் கருத்து, நிர்வாக அதிகாரம் முழுவதும் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதால் நீக்கும் உரிமையும் அவருக்கே உரியது என்றது நான்காம் கருத்து. அரசமைப்பை வரைந்தவர்களுள் முதன்மையானவரான ஜேம்ஸ் மேடிசன் இந்த நான்காம் கருத்தின் பக்கம் நின்றார். ஆனால் அரசமைப்புக்கு ஆதரவு திரட்டிய கட்டுரைத் தொடரில் அலெக்சாண்டர் ஹாமில்டன், நீக்கத்துக்கும் செனட்டின் இசைவு தேவைப்படும் என்று எழுதியிருந்தார். இறுதியில் தலைவருக்குச் சாதகமான வாசகம் நிறைவேறியது. செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, துணைக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் வாக்கால்தான் அது தப்பியது. அதே மேடிசன் சில நாள்களிலேயே, கருவூலத்தின் கணக்குத் தணிக்கையாளர் பணி ஓரளவு நீதிபதியின் பணியைப் போன்றது என்பதால் அவருக்கு வேறு வகைப் பதவிக்காலம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்துப் பின்வாங்கினார். தலைவரின் முழு அதிகாரத்தை ஆதரிப்போர் முதல் நிகழ்ச்சியையும், மறுப்போர் இரண்டாவதையும் மேற்கோள் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கேள்வி நீதிமன்றத்தில் தீர்க்கப்படாமல் அரசியல் களத்திலேயே உரசிக்கொண்டிருந்தது. இரண்டாம் அமெரிக்க வங்கியில் இருந்த அரசுப் பணத்தை வெளியே எடுக்க மறுத்த கருவூலச் செயலர் வில்லியம் டுவேனை 1833-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் நீக்கினார். வங்கிப் பூசலில் ஜாக்சனின் நடவடிக்கைகளுக்காகச் செனட் மறு ஆண்டு அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி, 1837-இல் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. உள்நாட்டுப் போருக்குப் பின், செனட்டின் இசைவின்றி உயர் அலுவலர்களை நீக்கக் கூடாது என்று 1867-இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதை மீறிப் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை நீக்கிய ஆண்ட்ரூ ஜான்சன் இம்பீச்மென்ட் விசாரணைக்கு உள்ளாகி, ஒரே ஒரு வாக்கில் பதவியைக் காத்துக்கொண்டார். அச்சட்டம் 1887-இல் ரத்தானது. அதே 1887-இல் ரயில்வே கட்டணங்களை ஒழுங்குபடுத்த மாநிலங்களிடை வணிக ஆணையம் தோன்றியது. குறிப்பிட்ட பதவிக்காலம் உடைய பலர் சேர்ந்து முடிவெடுக்கும் ஒழுங்குமுறை ஆணையம் என்ற வடிவத்துக்கு அதுவே முன்னோடி.

உச்ச நீதிமன்றம் இப்பிரச்சினையை நேராக எதிர்கொண்டது 1926-இல், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரின் அஞ்சல் தலைமை அலுவலர் ஃபிராங்க் மையர்ஸ் தொடர்பான வழக்கில். அத்தகைய அலுவலரைச் செனட்டின் இசைவுடன்தான் நீக்கலாம் என்று 1876-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. உட்ரோ வில்சனின் அரசு அந்த இசைவைக் கேட்காமலேயே 1920-இல் அவரை நீக்கியது. எஞ்சிய காலத்துக்குரிய 8,838 டாலர் 71 சென்ட் சம்பளம் கேட்டு அவர் தொடுத்த வழக்கை, அவர் இறந்தபின் அவருடைய மனைவி நடத்தினார். தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், அதற்கு முன் நான்காண்டுகள் குடியரசுத் தலைவராகவே இருந்தவர். அலுவலர்களை நீக்கும் உரிமை இல்லாத தலைவரால் சட்டங்களை நேர்மையாக நிறைவேற்றும் கடமையை ஆற்ற முடியாது என்றும், 1789-இல் காங்கிரஸே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றும் மிக விரிவாக எழுதி, 1876-ஆம் ஆண்டு விதி செல்லாது என்றார். ஹோம்ஸ், பிராண்டைஸ், மெக்ரெனால்ட்ஸ் ஆகிய மூவர் மாறுபட்டனர். காங்கிரஸ் உருவாக்கிய பதவியைக் காங்கிரஸ் நாளையே ஒழித்துவிடலாம் எனும்போது, அதன் காலத்தையும் நிபந்தனையையும் வகுக்க மட்டும் அதற்கு உரிமை இல்லையா என்ற ஹோம்ஸின் வாதம் சில பத்திகளே கொண்டது. டாஃப்டின் நீண்ட தீர்ப்பைவிட அதுவே இன்று கூர்மையாகத் தோன்றுகிறது.

ஒன்பது ஆண்டுகளில் நீதிமன்றம் தன் நிலையைச் சுருக்கிக்கொண்டது. வணிகத்தில் நேர்மையற்ற போட்டியைத் தடுக்க 1914-இல் உருவான கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தில் ஐந்து உறுப்பினர். ஒவ்வொருவருக்கும் ஏழாண்டுப் பதவிக்காலம். ஒரே கட்சியைச் சேர்ந்தோர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. திறமையின்மை, கடமை தவறல், பதவியில் முறைகேடு ஆகிய காரணங்களுக்காகத் தலைவர் ஓர் உறுப்பினரை நீக்கலாம் என்றது சட்டம். ஹெர்பர்ட் ஹூவரால் மறுநியமனம் பெற்ற வில்லியம் ஹம்ஃப்ரி பெருநிறுவனங்களின் பக்கம் சாய்ந்தவர் என்று பெயர் பெற்றிருந்தார். புதிய பொருளாதாரத் திட்டங்களுடன் 1933-இல் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை விலகுமாறு கேட்டார்; மறுத்தவரை அக்டோபரில் நீக்கினார். சட்டம் கூறிய மூன்று காரணங்களில் எதையும் ரூஸ்வெல்ட் சொல்லவில்லை. கொள்கையில் இருவரும் ஒத்துப்போகவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். சில மாதங்களில் ஹம்ஃப்ரி இறந்துவிட, அவருடைய சொத்துகளை நிர்வகித்தவர் சம்பளப் பாக்கிக்காக வழக்குத் தொடுத்தார். 1935 மே 27 அன்று, ரூஸ்வெல்ட்டின் தொழில் மீட்புச் சட்டத்தை வீழ்த்திய அதே நாளில், ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் அஞ்சல் அலுவலரையும் ஆணைய உறுப்பினரையும் வேறுபடுத்தினார்: முன்னவர் முற்றிலும் நிர்வாகப் பணியாளர், பின்னவரோ விதிகள் இயற்றும்போது சட்டமன்றத்தைப் போலவும் முறையீடுகளை விசாரிக்கும்போது நீதிமன்றத்தைப் போலவும் செயல்படுகிறவர், ஆகவே பின்னவரைக் காரணமின்றி நீக்கத் தடை விதிக்கக் காங்கிரஸுக்கு உரிமை உண்டு என்றார்.

இந்தப் பாகுபாடு தத்துவ நோக்கில் வலுவற்றது. விசாரணை நடத்தி நிறுவனங்களுக்குத் தடையாணை பிறப்பிக்கும் அமைப்பு நிர்வாக அதிகாரத்தைக் கையாளவில்லை என்று சொல்வது 1935-இலேயே கடினமாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் பத்திரச் சந்தை, தொழிலாளர் உறவு, வானொலி, அணுசக்தி எனப் பல துறைகளில் காங்கிரஸ் உருவாக்கிய அல்லது மறுசீரமைத்த ஆணையங்களுக்கு அந்தத் தீர்ப்பே அரணாக விளங்கியது. போர் இழப்பீட்டு ஆணைய உறுப்பினர் ஒருவரை ஐசனோவர் நீக்கிய வழக்கில், நீதிபதியைப் போன்ற பணிக்குச் சட்டத்தில் எழுதப்படாத பாதுகாப்பும் உண்டு என்று 1958-இல் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. மையர்ஸ், ஹம்ஃப்ரி தீர்ப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில், 1934-இல் பிறந்த பத்திரப் பரிவர்த்தனை ஆணையத்தின் சட்டத்தில் உறுப்பினர்களைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்ற வாசகமே கிடையாது என்பது அமெரிக்கச் சட்ட வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று. 2010-இல் அவ்வாணையம் சம்பந்தப்பட்ட வழக்கு வந்தபோது, பாதுகாப்பு இருப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் நீதிமன்றமும் அதை அப்படியே வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதியது.

எதிர்க்காற்று 1980-களில் வீசத் தொடங்கியது. ரொனால்ட் ரேகனின் நீதித்துறையில் பணியாற்றிய வழக்கறிஞர்கள் 'ஒருமை நிர்வாகக் கோட்பாடு' என்ற கருத்தை வளர்த்தெடுத்தனர். நிர்வாக அதிகாரம் தனியொரு தலைவரிடம் வைக்கப்பட்டுள்ளது என்ற அரசமைப்பு வாசகத்தின்படி, நிர்வாகத்தில் எவரும் அவருடைய கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்க முடியாது என்பது அதன் சாரம். உயர்நிலை அதிகாரிகளின் குற்றங்களைத் துப்பறியும் சுதந்திரச் சட்ட அலுவலர் பதவி 1988-இல் மாரிசன் எதிர் ஓல்சன் வழக்கில் சவாலுக்கு உள்ளானபோது, ஏழு பேர் அதை ஏற்க, அன்டோனின் ஸ்காலியா மட்டும் தனித்து எதிர்த்தார். கட்டுப்பாடற்ற குற்ற விசாரணையாளர் ஒருவர் தலைவரையே முடக்கிவிடக் கூடும் என்ற அவரது எச்சரிக்கையை, பில் கிளின்டன்மீது கென்னத் ஸ்டார் நடத்திய விசாரணைக்குப் பின் இரு கட்சிகளும் ஏற்கும் மனநிலைக்கு வந்தன. அச்சட்டம் 1999-இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. தனிக்குரலாக ஒலித்த மாறுபட்ட தீர்ப்பு ஒன்று, அடுத்த தலைமுறை நீதிபதிகளுக்குப் பாடநூலாக மாறியது இவ்வாறுதான்.

ஜான் ராபர்ட்ஸ் தலைமை நீதிபதியான பிறகு ஹம்ஃப்ரி தீர்ப்பு நேராக வீழ்த்தப்படாமல் சுற்றிலும் அரிக்கப்பட்டது. என்ரான் மோசடிக்குப் பின் 2002-இல் உருவான கணக்குத் தணிக்கை மேற்பார்வை வாரியத்தின் உறுப்பினர்களுக்கு இருந்த இரட்டை அடுக்குப் பாதுகாப்பு 2010-இல் 5-4 என்ற கணக்கில் விழுந்தது. 2020-இல் செய்லா நிறுவன வழக்கில், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் தனித் தலைவரைக் காரணமின்றி நீக்கலாம் என்று அதே கணக்கில் தீர்ப்பு வந்தது. பொது விதி என்னவோ தலைவருக்கு நீக்கும் உரிமை உண்டு என்பதே. கணிசமான நிர்வாக அதிகாரம் இல்லாத பல்லுறுப்பினர் ஆணையமும், அதிகாரம் குறைந்த கீழ்நிலை அலுவலரும் மட்டுமே விதிவிலக்கு என்று ராபர்ட்ஸ் எழுதினார். பொது விதியும் விதிவிலக்கும் இப்படி இடம் மாறியதை எலீனா கேகன் தம் மாறுபட்ட தீர்ப்பில் கடுமையாகச் சாடினார். 2021-இல் வீட்டுவசதி நிதி முகமையின் தலைவருக்கும் இதே முடிவு நேர்ந்தது. தீர்ப்பு வந்த நாளிலேயே ஜோ பைடன், முந்தைய ஆட்சியில் நியமனம் பெற்ற அத்தலைவரை நீக்கினார். அடுத்த மாதம் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆணையரும் நீக்கப்பட்டார். கோட்பாட்டை எதிர்த்த கட்சியும் அதன் பலனை மறுக்கவில்லை.

2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற டொனால்ட் ட்ரம்ப், எஞ்சியிருந்த அரணை நேராகத் தாக்கினார். தொழிலாளர் உறவு வாரியத்தின் குவின் வில்காக்ஸ், அரசு ஊழியர் தகுதிப் பாதுகாப்பு வாரியத்தின் கேத்தி ஹாரிஸ் ஆகியோரைத் தொடர்ந்து, மார்ச் மாதத்தில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் இரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் நீக்கப்பட்டனர். அவர்களுள் ரெபெக்கா ஸ்லாட்டர், 2018-இல் ட்ரம்ப்பாலேயே முதலில் நியமிக்கப்பட்டவர். ரூஸ்வெல்ட்டைப் போலவே ட்ரம்ப்பும் சட்டம் கூறும் காரணம் எதையும் சுட்டவில்லை. கீழ் நீதிமன்றங்கள், ஹம்ஃப்ரி தீர்ப்பை மாற்றும் உரிமை உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு என்று கூறி நீக்கப்பட்டவர்கள் பலருக்குப் பதவியைத் திரும்ப அளித்தன. உச்ச நீதிமன்றமோ மே 22 அன்று, முழு விசாரணை இன்றி அவசர மனுக்களில் பிறப்பிக்கும் சுருக்கமான ஆணை ஒன்றினால் அந்த முடிவுகளை நிறுத்திவைத்தது. தொண்ணூறு ஆண்டுக்கால முன்தீர்ப்பு ஒன்று முறையாக ரத்தாவதற்கு முன்பே இத்தகைய ஆணைகளால் நடைமுறையில் செயலிழந்துபோனது, கேகன் உள்ளிட்ட மூவர் மாறுபட்டுக் கூறியது போல, தீர்ப்பின் உள்ளடக்கத்தைவிடக் கவலைக்குரியது. ஸ்லாட்டர் வழக்கில் கேள்வி இறுதியாக நேராக எடுக்கப்பட்டு 2025 டிசம்பர் 8 அன்று வாதங்கள் நடந்தன.

மே மாத ஆணையின் ஒரு வாக்கியம் மட்டும் தனியாக ஆராயத் தக்கது. இந்தத் தர்க்கம் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கும் பொருந்துமே என்ற அச்சத்துக்கு விடையாக, அது அரைத் தனியார் தன்மையுடைய தனித்த அமைப்பு என்றும், முதலாம் இரண்டாம் அமெரிக்க வங்கிகளின் மரபில் வருவது என்றும் நீதிபதிகள் எழுதினர். 1791-இலும் 1816-இலும் தொடங்கிய அவ்வங்கிகள் பெரும்பாலும் தனியார் பங்குதாரர்களுக்குச் சொந்தமானவை. வங்கிகளை மேற்பார்வையிடும் விதிகளை அவை இயற்றவில்லை. ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் குழுவோ அரசு அமைப்பு. விதிகள் இயற்றுகிறது, வங்கிகள்மீது அபராதம் விதிக்கிறது. நிர்வாக அதிகாரம் எதுவாயினும் அது தலைவரின் கீழ்தான் என்ற கோட்பாடு உண்மையானால், இந்த விதிவிலக்குக்கு அதில் இடமே இல்லை. விதிவிலக்கு தேவைப்படுகிறது என்றால், கோட்பாடு தன் காலில் நிற்கவில்லை என்று பொருள். சந்தையின் அச்சம் அரசமைப்பு விளக்கத்துக்குள் நுழைந்துவிட்டதாகப் பல சட்ட அறிஞர்கள் கருதுவதை மறுக்க இந்த வாக்கியம் போதாது.

அந்த விதிவிலக்கும் உடனே சோதனைக்கு வந்தது. பதினான்கு ஆண்டுப் பதவிக்காலம் உடைய ஆளுநர்களைக் 'காரணத்துக்காக' நீக்கலாம் என்று ஃபெடரல் ரிசர்வ் சட்டம் கூறுகிறது. எது காரணம் என்பதை அது விளக்கவில்லை. 2025 ஆகஸ்டில், ஆளுநர் லிசா குக் பதவியேற்பதற்கு முன் அளித்த வீட்டுக்கடன் விண்ணப்பங்களில் தவறான தகவல் தந்ததாகக் கூறி ட்ரம்ப் அவரை நீக்குவதாக அறிவித்தார். குக் அக்குற்றச்சாட்டை மறுத்து வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டை எழுப்பியவர், 2021 தீர்ப்பால் சுதந்திரத்தை இழந்த அதே வீட்டுவசதி நிதி முகமையின் தலைவர். இங்கே உச்ச நீதிமன்றம், மற்ற ஆணைய உறுப்பினர்கள் விஷயத்தில் செய்ததைப் போல உடனடியாகத் தலைவர் பக்கம் நிற்காமல், வாதங்கள் கேட்கும் வரை குக் பதவியில் தொடர இடம் கொடுத்தது. காரணத்தின் உண்மையை நீதிமன்றம் ஆராயக் கூடாது என்ற அரசுத் தரப்பு வாதம் ஏற்கப்பட்டால், சட்டத்தில் உள்ள பாதுகாப்பு வெறும் எழுத்தாகவே மிஞ்சும்.

வரலாற்றாசிரியர்களிடையே நடக்கும் விவாதம் நீதிமன்றத்தைவிட வேகமாக நகர்ந்துள்ளது. ஸ்டீவன் காலப்ரேசி, சாயிகிருஷ்ண பிரகாஷ் போன்றோர் 1990-களிலிருந்து ஒருமை நிர்வாகக் கோட்பாட்டுக்கு வரலாற்று ஆதாரம் திரட்டினர். அண்மைக்கால ஆய்வுகள் அவற்றை அசைத்துள்ளன. 1789 வாக்கெடுப்பில் காங்கிரஸுக்கே உரிமை என்று கருதியவர்களும் தலைவருக்கே உரிமை என்று கருதியவர்களும் சேர்ந்துதான் பெரும்பான்மை அமைந்தது என்பதால் அதிலிருந்து ஒரே முடிவைப் பெற இயலாது என்று ஜெட் ஷுகர்மன் வாதிட்டார். கடனைத் தீர்ப்பதற்காக 1790-இல் அமைந்த குழுவில், தலைவரால் நீக்க முடியாத துணைக் குடியரசுத் தலைவரும் தலைமை நீதிபதியும் உறுப்பினராக இருந்ததைக் கிறிஸ்டின் சாபோ எடுத்துக்காட்டினார். பழமைவாதிகள் பெரிதும் மதிக்கும் கேலப் நெல்சனும், இயற்றப்பட்ட காலத்துப் பொருளின்படி நோக்கினாலும் அரசமைப்பு இத்தகைய அதிகாரத்தைத் தலைவருக்கு அளித்துவிடவில்லை என்று 2025-இல் எழுதினார். தொடக்கப் பொருளே முடிவானது என்று கூறும் நீதிபதிகள், அந்தப் பொருளைத் தேடும் ஆய்வாளர்கள் கருத்து மாறிய பிறகும் தம் திசையை மாற்றவில்லை.

மறுதரப்பின் வாதத்தில் உண்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது தலைவரையே. ஆணைய உறுப்பினரை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. தவறான ஒழுங்குமுறையால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் கணக்குக் கேட்பது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்தப் பொறுப்புடைமை வாதம், ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில், இரண்டாம் பதவிக்காலத்தில் இருப்பதால் மீண்டும் வாக்குக் கேட்கவே முடியாத தலைவரைப் பற்றி மௌனம் காக்கிறது.

நீக்கம் சட்டவிரோதம் என்று முடிவானாலும் நீதிமன்றம் என்ன செய்யலாம் என்பது ஸ்லாட்டர் வழக்கின் இரண்டாவது கேள்வி. மையர்ஸ் வழக்கிலும் ஹம்ஃப்ரி வழக்கிலும் கேட்கப்பட்டது சம்பளப் பணம் மட்டுமே. தீர்ப்பு வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. இதை வைத்து, நீதிமன்றம் இழப்பீடு வழங்கலாமேயன்றிப் பதவியில் மீண்டும் அமர்த்த முடியாது என்கிறது அரசு. அவ்வாறெனில் சில லட்சம் டாலர் செலவில் எந்த ஆணையத்தையும் ஒரு தலைவர் கலைத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் நீதிமன்றம் இதுவரை நேருக்கு நேர் பார்க்காத ஒரு பேரம் இருக்கிறது. 1914-இலும் 1930-களிலும் காங்கிரஸ் அத்தனை பரந்த அதிகாரங்களைக் கைமாற்றியது, அவை இரு கட்சியினரும் அமர்ந்த, தலைவரிடமிருந்து ஓரளவு விலகிய குழுக்களிடம் இருக்கும் என்ற நிபந்தனையின் பேரில்தான். நீதிமன்றம் அந்த நிபந்தனையை மட்டும் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்துவிட்டு அதிகாரங்களை அப்படியே விட்டால், கிடைப்பது 1789-ஆம் ஆண்டின் ஆட்சி அல்ல. எந்தக் காங்கிரஸும் இயற்ற உடன்பட்டிராத மூன்றாவது ஒன்று. அதிகாரங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் காங்கிரஸ் விரும்பினாலும் வழி குறுகலானது. கொடுத்த அதிகாரத்தை அவைத் தீர்மானத்தால் தடுத்துநிறுத்தும் முறையை 1983-இல் சாதா வழக்கில் உச்ச நீதிமன்றமே செல்லாததாக்கிவிட்டது. எனவே புதிய சட்டம் வேண்டும். அச்சட்டத்தைத் தலைவர் மறுப்பாணையால் நிறுத்தலாம். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையால் ஆணையங்களுக்கு வழங்கப்பட்டு, தீர்ப்பால் தலைவரின் கைக்குப் போகும் அதிகாரத்தை மீட்க, அவரை இம்பீச்மென்ட் விசாரணையில் பதவியிறக்கச் செனட்டில் தேவைப்படும் அதே விகித வாக்குகளை இரு அவைகளிலும் திரட்ட வேண்டியிருக்கும்.